மும்பைக்கு வேலைக்கு வந்தவர்களும் மலேரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, ஆண்டாப் ஹில், சீட்டா கேம்ப் பக்கம் ஜூன் மாத மழை பிடித்ததும் இந்தக் கேள்விகள் கிளம்பிவிடும், அக்டோபர் வரைக்கும் ஓயாது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை. காய்ச்சல்காரர்களை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிற ஆள், அவ்வளவுதான். கீழே மருந்தளவு வரும் இடங்களை, டாக்டர் கொடுத்த சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். அதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள்.

குளிர் காய்ச்சல் அடிக்கிறது. மலேரியாவா டெங்குவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, யாராலும் முடியாது. உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுக்கம், அப்புறம் கொதிக்கிற சூடு, அப்புறம் சட்டை நனைகிற வியர்வை, பிறகு ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு மறுநாள் திரும்ப அதே கதை என்று மலேரியாவைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் முதல் சில நாட்களுக்கு அந்த முறை இருக்காது, தினமும் அடிக்கும். சிலருக்குக் கடைசிவரை வராது. வாந்தியும் தலைவலியும் மட்டும் இருந்து மலேரியாவான ஆட்களும் உண்டு. அதோடு மும்பை மழைக்காலத்தில் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் ஒரே சமயத்தில் சுற்றும். முழங்கால் அளவு வெள்ளத்தில் நடந்து வேலைக்குப் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலையும் அவர் யோசிப்பார்.

காய்ச்சல் வந்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், ரத்தம் கொடுத்துவிடுங்கள். அதுவரை பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு வரும்.

ரத்தம் எங்கே கொடுப்பது? எவ்வளவு ஆகும்?

பி.எம்.சி., அதாவது மும்பை மாநகராட்சி, நடத்துகிற ஹெல்த் போஸ்ட், டிஸ்பென்சரி எதில் வேண்டுமானாலும் கேட்கலாம், இலவசம். மருந்தும் இலவசம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம். பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர், சிஞ்ச்போக்லியில் தொற்றுநோய்க்கென்றே இருக்கிற கஸ்தூர்பா.

உண்மையான செலவு இழக்கிற கூலிதான். நாக்காவில், அதாவது கூலிக்கு ஆள் எடுக்கிற தெருச்சந்திப்பில், நின்று வேலை பிடிக்கிறவருக்கு ரத்தம் கொடுக்க ஒரு காலை, ரிசல்ட் வாங்க ஒரு காலை என்று இரண்டு நாள் போய்விடுகிறது. அதனால்தான் மூன்று நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு நான்காவது நாள் வருகிறார்கள். இதற்கு ஒரு வழி, விரலில் குத்தி அட்டையில் விடுகிற ரேபிட் கிட் இருக்கிறதா என்று கேட்பது. 15, 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். கண்ணாடியில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பழைய முறைக்கு நேரம் ஆகும், ஆனால் கிருமி எந்த வகை, எவ்வளவு இருக்கிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டையும் எடுத்தால் நல்லது. முக்கியமாக, மலேரியா மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும்.

ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் இன்னொரு தடவை கொடுங்கள், ரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும் நேரத்தில் சிக்காமல் போகும்.

இன்னொன்று. தெருமுனை கிளினிக்கில் வைடால் டெஸ்ட் மட்டும் எடுத்து "டைபாய்டு லேசாக இருக்கிறது" என்று சொல்லி ஒரு சலைன் பாட்டில், இரண்டு ஊசி போட்டு அனுப்புவது இங்கே ரொம்ப சகஜம். வைடால் டெஸ்ட் எதற்கெடுத்தாலும் பாசிட்டிவ் காட்டும், நம்ப முடியாத டெஸ்ட். சலைன் ஏறினால் தெம்பு வந்த மாதிரி இருக்கும், மலேரியாக் கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்தப் பணத்தில் ரெண்டு நாள் வீட்டில் படுத்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் பி.வி. என்று போட்டிருக்கிறது. பக்கத்து ரூம்காரருக்கு பி.எஃப். என்ன வித்தியாசம்?

பி.வி. என்றால் வைவாக்ஸ், பி.எஃப். என்றால் ஃபால்சிபாரம். இரண்டும் வேறு வேறு கிருமி, மருந்தும் வேறு. மும்பையில் வைவாக்ஸ்தான் அதிகம். அது ஆளைக் கொல்வது குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப வரும். ஃபால்சிபாரம் திரும்பி வராது, ஆனால் கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். சிலருக்கு இரண்டும் கலந்தும் இருக்கும். "மலேரியா" என்று மட்டும் எழுதி, எது என்று எழுதாத ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

வைவாக்ஸ். மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. 14 நாள் மாத்திரை எதற்கு?

இந்த ஒரு கேள்விக்காகவே இதையெல்லாம் எழுதலாம்.

வைவாக்ஸுக்குக் கொடுப்பது இரண்டு மருந்து. ஒன்று குளோரோகுயின், மூன்று நாள். பெரியவர்களுக்கு வழக்கமாக 250 மில்லிகிராம் மாத்திரை முதல் நாள் நான்கு, இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு. இது ரத்தத்தில் இருக்கிற கிருமியை அடிக்கும், காய்ச்சல் இறங்கும். ஆனால் வைவாக்ஸ் கிருமியில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் போய் அசையாமல் கிடக்கும், குளோரோகுயின் அதைத் தொடாது. கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்ட கணக்குதான். சில வாரத்திலோ, சில மாதத்திலோ, ஒரு வருடம் கழித்துக்கூடவோ அது எழுந்து வந்து திரும்பக் காய்ச்சலைக் கொடுக்கும். புதிதாக ஒரு கொசு கடித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அந்தக் கல்லீரல் கிருமிக்குத்தான் பிரைமாகுயின். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், 14 நாள், சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும், "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று நம் ஆட்கள் நிறுத்துவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு இட்லியோ வடாபாவோ ஏதாவது உள்ளே போன பிறகு போடுங்கள்.

இடையில் வேலை மாறி வேறு சைட்டுக்குப் போனாலும் மாத்திரைப் பட்டையும் சீட்டும் பையில் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் தானேயில், பத்தாம் நாள் பன்வேலில் என்று அலைகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, பதினான்கு நாள் ஒரே இடத்தில் இருக்கிற வாழ்க்கை அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கூட தங்கியிருக்கிற ஒருவரிடம் சொல்லிவையுங்கள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் கேட்கட்டும்.

"போன வருடமும் வந்தது, இந்த வருடமும் வந்துவிட்டது, எனக்கு மலேரியா உடம்பு" என்று ஒரு அண்ணன் சொன்னார். மலேரியா உடம்பு என்று ஒன்று கிடையாது. அந்தப் பதினான்கு நாளை ஒரு தடவைகூட அவர் முடித்ததில்லை.

பிரைமாகுயின் எல்லோரும் போடலாமா?

கூடாது. கர்ப்பிணிகளுக்கும், ஒரு வயது ஆகாத குழந்தைக்கும் கொடுக்க மாட்டார்கள். பால் கொடுக்கிற தாய்மார்கள் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அப்புறம் ஜி6பிடி என்று ரத்தத்தில் ஒரு நொதி, அது பிறவியிலேயே குறைவாக இருக்கிறவர்கள் உண்டு, ஆண்களில் அதிகம். அவர்கள் பிரைமாகுயின் போட்டால் சிவப்பணுக்கள் உடையும். இதற்கு ரத்த டெஸ்ட் இருக்கிறது, முடிந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்க வழியில்லாத இடத்தில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு சிறுநீர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது முன்பு இப்படி ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபால்சிபாரம் வந்தால்?

ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்து, மூன்று நாள். கூடவே பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை, அது கல்லீரலுக்காக இல்லை, உங்களைக் கடிக்கிற கொசுவுக்குக் கிருமி போகாமல் தடுக்க. மூன்று நாளும் முழுதாகப் போட வேண்டும். குளோரோகுயின் இதற்கு வேலைக்கு ஆகாது, கிருமி பழகிப்போய் வெகுகாலமாகிறது. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

உளறல், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமை, வலிப்பு, ஓயாத வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் குறைவது அல்லது கறுப்பாகப் போவது, மூச்சிரைப்பு, நிற்க முடியாத பலவீனம். இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் பக்கம் போகாதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். அங்கே ஆர்ட்டிசுனேட் ஊசி நரம்பில் போடுவார்கள், சீக்கிரம் போனால் பிழைத்துக்கொள்வார்கள்.

காய்ச்சலோடு ஊருக்குப் போய்விடலாமா? அம்மா பார்த்துக்கொள்வார்களே.

போக வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான், பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேரோடு காய்ச்சலில் படுத்துக்கிடப்பது கொடுமை. ஆனால் ரத்தம் கொடுக்காமல் போகாதீர்கள். தாதரில் ஏறினால் திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றரை நாளாவது ஆகும், ஃபால்சிபாரமாக இருந்தால் ரயில்பெட்டிக்குள் வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பரிசோதனை முடித்து, மருந்து ஆரம்பித்து, காய்ச்சல் இறங்கி, மாத்திரைப் பட்டையோடு கிளம்புங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு காய்ச்சல் வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் விஷயம் "மும்பையிலிருந்து வந்திருக்கிறேன்" என்பது. நெல்லைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற டாக்டருக்கு மலேரியா உடனே நினைவுக்கு வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை, அங்கே அது அபூர்வம். கொசு கடித்ததிலிருந்து காய்ச்சல் வர பெரும்பாலும் 9 முதல் 17 நாள் ஆகும், வைவாக்ஸ் மாதக்கணக்கிலும் ஆகலாம். ஆகவே பொங்கலுக்கு வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் மழைக்கால மும்பையையும் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் சந்தில் சாக்கடை திறந்தே கிடக்கிறது. அதனால்தானே மலேரியா?

சாக்கடை நாறுகிறது, அசிங்கம், மூடத்தான் வேண்டும். ஆனால் மலேரியாவுக்குக் காரணம் அது இல்லை. சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ் கொசு, அது காதுக்குள் ரீங்காரம் போடும், யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. மும்பையில் மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்: மூடி சரியில்லாத மாடித் தொட்டி, கிணறு, வாரக்கணக்கில் பிடித்துவைத்த நீல டிரம், கட்டடத்தின் லிஃப்ட் குழி, பேஸ்மென்டில் தேங்கின மழைத்தண்ணீர், கான்கிரீட் போட்ட பிறகு ஸ்லாப் மேல் வரப்புக் கட்டி நிறுத்துகிற தண்ணீர்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1911இல் பென்ட்லி என்ற மருத்துவ அதிகாரி பம்பாய் மலேரியாவை ஆராய்ந்து, கோட்டைப் பகுதிக் கிணறுகளைக் கைகாட்டினார். கிணற்றை மூடச் சொன்னதும் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள், பார்சிகளுக்கு அது மத விஷயமும்கூட. நூறு வருடம் தாண்டியும் கொசு அதேதான், அது வளர்கிற தண்ணீர் யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற சண்டையும் அதேதான்.

"பீகார்க்காரன், ஒடிசாக்காரன் வந்துதான் மலேரியாவைக் கொண்டுவந்தான்" என்கிறார்களே?

ஐம்பது வருடத்துக்கு முன்னால் இதே பேச்சை மதராசிகளைப் பார்த்துப் பேசின ஊர் இது. நம் வாயிலேயே அது வருவதைக் கேட்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

இதில் உள்ள கொஞ்சம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட் மாநிலங்களின் காட்டுப் பக்கத்து மாவட்டங்களில் மலேரியா அதிகம், ஃபால்சிபாரமும் அதிகம். சின்ன வயதிலிருந்து பலமுறை வந்து பழகின உடம்பு, அதனால் ரத்தத்தில் கிருமி இருந்தும் காய்ச்சல் தெரியாமல் வேலை செய்கிறவர் இருப்பார். ஆனால் அவர் ரத்தத்தில் இருக்கிற கிருமி உங்கள் உடம்புக்கு வர நடுவில் ஒரு ஸ்டீபன்சி கொசு வேண்டும். அந்தக் கொசு அவரைக் கடித்து, பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருந்து, பிறகு உங்களைக் கடிக்க வேண்டும். அந்தக் கொசுவை வளர்த்தது அவர் இல்லை, மூடாத தொட்டி. அவர் வரும்போதே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காத கான்ட்ராக்டரும், பேஸ்மென்ட் தண்ணீரை இறைக்காத பில்டரும் பேச்சிலேயே வருவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. தூத்துக்குடியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ முதல் தடவை வருகிற பையனுக்கு அந்தப் பழக்கம் எதுவும் இல்லை. அவனுக்கு வந்தால் பலமாகத்தான் அடிக்கும். மும்பை மலேரியாவை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவனும் அவன்தான், சென்னையில் ஸ்டீபன்சி ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கிறது.

சைட்டிலேயே தங்கி வேலை செய்கிறோம். மேஸ்திரியிடம் என்ன கேட்கலாம்?

கேட்கிற உரிமை உண்டு. வெளிமாநிலத்திலிருந்து அழைத்துவருகிற தொழிலாளிக்குத் தங்குமிடமும் இலவச மருத்துவ வசதியும் கான்ட்ராக்டர் பொறுப்பு என்று 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, வெளிமாநிலத் தொழிலாளர் விஷயம் இப்போது 2020 தொழிலாளர் சட்டத்தொகுப்புக்குள் வருகிறது. ஆனால் சட்டம் பேசினால் நாளைக்கு வேலை இருக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால் அவருக்குக் கணக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள். நாலு பேர் ஒரே வாரத்தில் படுத்தால் ஸ்லாப் தள்ளிப்போகும், பி.எம்.சி. ஆட்கள் வந்து கொசுப்புழுவைப் பார்த்தால் நோட்டீஸ் பில்டர் பெயருக்குப் போகும்.

கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் எல்லா டிரம்மையும் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் காயவிட்டால் போதும், சும்மா கொட்டிவிட்டு நிரப்பினால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற டெங்குக் கொசு முட்டை அப்படியே இருக்கும். இறைக்க முடியாத குழியில் மருந்து ஊற்றச் சொல்லி வார்டு ஆபீஸின் பூச்சி ஒழிப்புப் பிரிவில் சொல்லலாம். ஸ்லாப் தண்ணீருக்குப் பதில் ஈரச்சாக்கு போடலாம். புதிதாக ஆள் இறங்கும்போது எல்லோருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, ஹெல்த் போஸ்டில் சொன்னால் வந்து எடுப்பார்கள்.

புழு எதுவென்று பார்க்க ஒரு சின்னக் குறிப்பு: தண்ணீரின் மேல்பரப்போடு படுத்தவாக்கில் மிதந்தால் அனோபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் மற்றவை.

ரூமில் கொசுவலை கட்டவே இடம் இல்லையே?

உண்மைதான். கீழே நாலு பேர், மாளாவில் (ரூமுக்குள் மேலே போட்ட பரணில்) மூன்று பேர், வலையை எங்கே மாட்டுவது. ஸ்டீபன்சி மாலை மங்கினதிலிருந்து விடியும்வரை கடிக்கும், நைட் ஷிஃப்டுக்காரர்கள், காற்றுக்காக மொட்டைமாடியில் படுப்பவர்கள் எல்லோரும் அதன் வழியில்தான் இருக்கிறார்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நைலான் வலை அடிப்பது மலிவு. மாடியில் படுப்பவர்களுக்குத்தான் வலை நன்றாகப் பொருந்தும், நாலு கயிறு போதும். முழுக்கை, மேலுக்குத் தடவுகிற கிரீம், ஃபேன். புகை மருந்து அடித்துவிட்டுப் போகிறார்களே, அது அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டி அப்படியே இருந்தால் அடுத்த வாரம் புதிய கூட்டம் வரும்.

நிலவேம்புக் கஷாயம் குடித்தால் போதாதா?

குடியுங்கள், யார் வேண்டாம் என்றது. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். மூலிகையில் மருந்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆர்ட்டிமிசினினே ஒரு சீனச் செடியிலிருந்து வந்ததுதான், அதைப் பிரித்தெடுத்த து யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் கஷாயத்தோடு நிற்கவில்லை, எந்தப் பொருள், எவ்வளவு அளவு என்று பிரித்துச் சோதித்த பிறகுதான் அது மருந்தானது.

தடுப்பூசி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆர்21 என்பதைப் பக்கத்துப் புனேவில்தான் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. ஆப்பிரிக்காவில் சின்னக் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள், ஃபால்சிபாரத்துக்கு எதிரானது. மும்பையில் வேலை பார்க்கிற பெரியவர்களுக்கு அது இல்லை.

இந்தி தெரியாது. ஹெல்த் போஸ்டில் என்ன சொல்வது?

"தண்ட் லக்கே புகார் ஆத்தா ஹை" என்றால் குளிரோடு காய்ச்சல் வருகிறது. "தீன் தின் ஸே" என்றால் மூன்று நாளாக, எத்தனை நாளோ அதை மாற்றிக்கொள்ளுங்கள். "மலேரியா கா கூன் டெஸ்ட் கர்னா ஹை" என்றால் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் "பேட் ஸே ஹூம்", இதை மறக்கவே கூடாது. மருந்து வாங்கும்போது "கித்னே தின்?", அதாவது எத்தனை நாள் என்று கேளுங்கள். வைவாக்ஸுக்கு "சௌதா தின்", பதினான்கு நாள், என்று பதில் வர வேண்டும், வராவிட்டால் ரிப்போர்ட்டைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். தாராவி, சயான் பக்கம் ஊழியர்களில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருப்பார், கூச்சப்படாமல் "தமிழ் ஆத்தா ஹை க்யா?", தமிழ் தெரியுமா, என்று கேட்டுவிடுங்கள்.